கேள்வி ஞானத்தில் வாழும் படங்கள்

தமிழ்ச் செவ்வியல் சினிமாவும் பார்ப்பதை ஒத்திப்போடும் வழக்கமும்

1. ஒரு வினாவும் அடுத்த வினாவும்

பாடலே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் எது என்று கேட்டால், சினிமாவில் ஓரளவு ஈடுபாடு உள்ள எவரும் தயங்காமல் ‘அந்த நாள்’ என்பார். ஆண்டு 1954, இயக்கம் எஸ். பாலசந்தர், தயாரிப்பு ஏவி.எம்., நாயகன் சிவாஜி கணேசன் என்று மளமளவென்று சொல்லவும் செய்வார். அடுத்த வினா ஒன்று உண்டு. அந்தப் படத்தில் ராஜனைச் சுட்டது யார், எதற்காக? இந்த இரண்டு வினாக்களையும் பல ஆண்டுகளாகப் பல பேரிடம் கேட்டுவருகிறேன். முதலாவதற்கு விடை உடனே வரும். இரண்டாவதில் பேச்சு நின்றுவிடும். “பார்க்கணும் பார்க்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன், இன்னும் வாய்க்கலை” என்ற பதில்தான் அதிகம் கிடைத்தது. சொன்னவர்களில் சினிமா பற்றி எழுதுகிறவர்களும் இருந்தார்கள்.

சிறந்தது என்று ஒப்புக்கொண்ட படத்தை, பார்க்கும் விருப்பமும் இருக்கும்போது, நாம் ஏன் ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் இருக்கிறோம்? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். தமிழ்ச் சூழலில் இதற்குச் சோம்பல், நேரமின்மை, படங்கள் கிடைக்காமை என்ற வழக்கமான விடைகள் போதவில்லை என்பது என் கருத்து. நாம் இந்தப் படங்களை அறியாமல் இல்லை. அவற்றைக் காதால் அறிந்திருக்கிறோம். கேட்டதே பார்த்ததுபோல் ஆகிவிடுவதால், பார்க்காத குறை நம்மை உறுத்துவதில்லை. சங்கீதத்தில் ‘கேள்வி ஞானம்’ என்றொரு சொல் உண்டு. குருவிடம் முறையாகப் பயிலாமல், கேட்டுக் கேட்டே பெறும் அறிவு அது. தமிழ்ச் செவ்வியல் படங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வி ஞானத்தில்தான் உயிர்வாழ்கின்றன. அது எதைக் காத்தது, எதைக் கைவிட்டது என்பதைச் சில படங்களைச் சான்றாக வைத்துப் பார்க்கலாம்.

2. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

பார்க்காத படங்களுக்கு முன்பே படிக்காத புத்தகங்கள் ஆராயப்பட்டன. பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர் பியர் பயார் 2007-இல் எழுதிய நூல், படிக்காத புத்தகங்களைப் பற்றிப் பேசுவது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டது. படித்தது, படிக்காதது என்ற இரண்டு கட்டங்களுக்கு இடையே புரட்டிப் பார்த்தவை, பிறர் சொல்லக் கேட்டவை, படித்து மறந்தவை என்று பல நிலைகள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு நூல் பிற நூல்களுக்கிடையே எங்கே நிற்கிறது என்று தெரிந்திருப்பதும் அறிவுதான் என்பது அவர் வாதம். நம் விவாதத்துக்கு இது ஒரு நல்ல வாசல். ‘அந்த நாள்’ தமிழ் சினிமா வரலாற்றில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர், அதைப் பார்க்காவிட்டாலும் முழு அறியாமையில் இல்லை.

உளவியல் ஆய்வு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், ஷோபனா கல்யாணராமன் ஆகிய மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களைப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்குப் பார்க்க என்றால் கலகலப்பான படத்தையும், பிறகொரு நாள் பார்க்க என்றால் கனமான படத்தையும் எடுக்கும் போக்கு தெரிந்தது. கேத்தரின் மில்க்மன், டாட் ராஜர்ஸ், மாக்ஸ் பேசர்மன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஆஸ்திரேலியாவில் இணையவழி டிவிடி வாடகைக்கு எடுத்தவர்களின் பதிவுகளைப் பரிசீலித்தது. பார்க்க ‘வேண்டிய’ படங்களின் தட்டுகள், பார்க்க ‘விரும்பும்’ படங்களின் தட்டுகளைவிட வீட்டில் அதிக நாள் தங்கின. நல்ல படம் எப்போதும் நாளைக்கு உரியதாகிறது. நாளை வந்ததும் அதுவும் இன்றாகிவிடுகிறது.

மூன்றாவது விளக்கம் நம் மண்ணிலேயே பிறந்தது. ‘அவார்டு படம்’ என்ற தொடருக்குத் தமிழில் ஒரு தனிப் பொருள் ஏறியிருக்கிறது. மெதுவாக நகரும், அழவைக்கும், பொழுதுபோகாது என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் சொல்லிவிடும். தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பிய காலத்தில், பல வீடுகளில் அது சாப்பாட்டுக்குப் பின் உறங்கும் நேரம். விருது அந்தப் படங்களுக்கு மதிப்பைத் தந்தது. மதிப்பு அவற்றைப் பாடப்புத்தகம் ஆக்கியது.

இந்த விளக்கங்கள் மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. மேலை ஆய்வுகள் பேசும் படங்கள் அவற்றை ஒத்திப்போடுகிறவருக்கு இன்னும் புதியவை. நாம் ஒத்திப்போடும் படங்களோ நமக்குப் பழகியவை. ‘அவார்டு படம்’ என்ற விளக்கம் ‘பராசக்தி’க்கும் ‘திருவிளையாடலு’க்கும் பொருந்தாது. அவை கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த படங்கள். இன்றைய தலைமுறை அவற்றை முழுமையாகப் பார்க்காமலே அவற்றோடு வாழ்கிறது என்றால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

3. காதுக்கு வந்த சினிமா

தமிழில் சினிமா கொட்டகைக்கு வெளியேயும் எப்போதும் உலவியிருக்கிறது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் அதன் முதல் வடிவம். பாடல்களோடு கதைச் சுருக்கமும் அதில் இருக்கும். கதை முடிச்சு இறுகும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். திரைப்பட வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் தன் கட்டுரை நூல் ஒன்றுக்கு ‘மீதி வெள்ளித்திரையில்’ என்று பெயரிட்டது இந்த மரபை நினைத்துத்தான். அந்த வாக்கியத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கையில் இருப்பது ஒரு பகுதி, முழுமை திரையில் இருக்கிறது, போய்ப் பார் என்பதே அது.

பிறகு வந்த வடிவங்களில் அந்த ஒப்பந்தம் மெல்லத் தளர்ந்தது. இசைத்தட்டில் பாடல்களோடு வசனமும் வந்தது. வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்ற பெயரில் ஒரு முழுப்படத்தின் ஒலிப்பகுதியைச் சுருக்கி ஒலிபரப்பியது. சமையலறையில் வேலை செய்தபடியே, தறியில் நெய்தபடியே, கடையில் கணக்கு எழுதியபடியே ஒரு படத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டுவிடலாம். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கி இன்னும் தூரம் போனது.

1965-இல் வந்த ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தருமியாக நாகேஷ் மண்டபத்தில் தனியே புலம்பும் காட்சியும், நக்கீரருக்கும் சிவனுக்கும் நடக்கும் வாதமும் இசைத்தட்டு வழியாக ஊர் ஊராகப் போயின. திருவிழா நாளில் பந்தல்காரர் தட்டை மாற்றும் சிறு இடைவெளியில், அடுத்த வசனத்தைக் கீழே விளையாடும் பிள்ளைகள் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்களில் பலர் அந்தப் படத்தைத் திரையில் கண்டதில்லை. மாம்பழத்துக்காகக் கோபித்துப் போன முருகனைச் சமாதானப்படுத்தப் பார்வதி சொல்லும் கதைகளே அந்தப் படம் என்பதும், தருமியின் கதை அவற்றில் ஒன்று மட்டுமே என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தொலைக்காட்சி வந்தபின் துண்டுக்குக் காட்சியும் சேர்ந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ படத்திலிருந்து பாட்டைத் தனியே பிரித்துக் கொடுத்தது. தனியார் அலைவரிசைகள் நகைச்சுவைக் காட்சிகளுக்கென்றே நேரம் ஒதுக்கின. இப்போது கைபேசியில் அரை நிமிடத் துண்டுகள் ஓடுகின்றன. ‘மீதியைக் காண்க’ என்று எவரும் சொல்வதில்லை. துண்டு தன்னளவில் முழுமையானதாக நடமாடுகிறது.

இந்தக் கேள்வி மரபை நான் குறைத்துச் சொல்லவில்லை. நுழைவுச் சீட்டுக்குக் காசில்லாதவர்களுக்கும், கொட்டகைக்குப் போக வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்களுக்கும் சினிமாவைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வைத்த மொழியில் கேட்டறிவதை இழிவாகக் கருத இடமில்லை. ஆனால் கேட்டறிந்தது ஒரு பகுதி என்ற நினைவு அதில் இருந்தாக வேண்டும். அந்த நினைவு மங்கும்போது என்ன நேர்கிறது என்பதை நான்கு படங்களில் காணலாம்.

4. நான்கு சான்றுகள்

அ. காட்சி நின்றது, காலம் போனது: ‘பராசக்தி’

1952-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில் வந்த ‘பராசக்தி’ என்றால் நீதிமன்றக் காட்சிதான் நினைவுக்கு வரும். மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் அதை மனப்பாடமாய்ப் பேசிக்காட்டிய தலைமுறைகள் உண்டு. சிவாஜி கணேசனின் குரல், மூச்சு விடும் இடம், சொல்லின் ஏற்றம் எல்லாம் காதுவழியே பரம்பரைச் சொத்தாகிவிட்டன.

நீதிமன்றம் படத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. கதை தொடங்குவது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரங்கூனில். மதுரையில் நடக்கும் தங்கை கல்யாணியின் திருமணத்துக்குப் புறப்பட விரும்பும் மூன்று அண்ணன்களைப் போர் பிரிக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் மட்டும் கப்பலேறுகிறான். பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பும் அகதிகளோடு வரும் நடு அண்ணன் ஞானசேகரன் காலை இழந்து, தமிழகத்தில் பிச்சைக்காரர்களோடு வாழ்கிறான். தங்கை விதவையாகிக் கைக்குழந்தையோடு தெருவுக்கு வருகிறாள். போர்க் காலப் பர்மாவிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் காடும் மலையும் கடந்து நடந்து வந்தது வரலாறு. அந்தத் துயரத்தைப் பத்தாண்டு இடைவெளியில், வெகுமக்கள் படமொன்றின் கதைக்குள் வைத்த படம் ‘பராசக்தி’.

கூண்டில் நிற்கும் குணசேகரன் பேசும் சொற்களுக்குப் பின்னால் இத்தனை பசியும் நடையும் இருக்கின்றன. நீதிபதி இருக்கையில் இருப்பவர் அவனுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன். துண்டாகக் கேட்கும்போது அது ஓர் இளைஞனின் அனல் பறக்கும் சொற்பொழிவு. படமாகப் பார்க்கும்போது அது போரால் சிதறிய ஒரு குடும்பம் ஒருவரையொருவர் அடையாளம் காணும் இடம். நாம் சொற்பொழிவைக் காத்துக்கொண்டோம். பர்மா அகதிகளை மறந்துவிட்டோம்.

ஆ. தகவல் நின்றது, கதை போனது: ‘அந்த நாள்’

பாடல் இல்லாத படத்துக்கு இசைத்தட்டு இல்லை. குழாய் ஒலிபெருக்கியிலும் ‘ஒளியும் ஒலியு’மிலும் அதற்கு இடமில்லை. அதனால் என் வாதத்துக்கு ‘அந்த நாள்’ நல்ல சோதனைக் களம். கேள்விவழியே பரவ முடியாத படம் நினைவில் எப்படி நிற்கும்? ஒற்றைத் தகவலாக நின்றது. ‘பாடல் இல்லாத படம்’ என்று, அதில் இல்லாததைக் கொண்டே அதற்கு அடையாளம் கொடுத்தோம்.

இருப்பது என்ன? 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது உண்மை நிகழ்ச்சி. அதையொட்டிய நாளில் ராஜன் என்ற வானொலிப் பொறியாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். நாயகனின் சாவோடு படம் தொடங்குகிறது. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், பேச்சால் புகழ்பெற்ற நடிகரைப் பிணமாக்கிக் கதையைத் திறக்கும் துணிவு பாலசந்தருக்கு இருந்தது. பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் ராஜன் வேறொருவனாக எழுந்து நடமாடுகிறான். தம்பிக்கு ஒரு ராஜன், அண்டை வீட்டாருக்கு ஒரு ராஜன், மனைவிக்கு ஒரு ராஜன். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமனே படத்தின் திரைக்கதை வசனத்தையும் எழுதினார்.

இந்தப் படத்தை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ படத்தோடு சேர்த்துச் சொல்வதும் வழக்கம். 1952-இல் நடந்த முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் ‘ரஷோமான்’ காட்டப்பட்டது. அந்த விழா சென்னைக்கும் வந்தது. ஆண்டனி அஸ்குவித் இயக்கிய 1950-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படம் ஒன்றோடு இதற்கு நெருக்கம் அதிகம் என்று கருதுவோரும் உண்டு. பார்த்தவருக்கு ஒரு வேறுபாடு உடனே தெரியும். ‘ரஷோமானில்’ உண்மை கடைசிவரை நழுவிக்கொண்டே போகிறது. ‘அந்த நாளில்’ உண்மை வெளிப்படுகிறது. ராஜன் தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்று மனம் கசந்து, எதிரி நாட்டுக்கு உளவாளி ஆனவன். அவன் உயிரைப் போக்கியது அவன் மனைவி உஷா ஏந்திய துப்பாக்கி.

1954-இல், கணவனே தெய்வம் என்று திரையெங்கும் ஒலித்த காலத்தில், நாடா கணவனா என்ற கேள்வியை ஒரு பெண்ணின் கையில் துப்பாக்கியோடு வைத்த படம் இது. பண்டரிபாய் அந்த வேடத்தில் காட்டும் அமைதி, குற்றத்துக்கும் கடமைக்கும் நடுவில் நிற்பவளின் அமைதி. பாடல் இல்லாததைவிட இது பெரிய துணிச்சல். வினாடி வினாவில் இது வருவதில்லை. கேட்டறிந்த தகவல் பொய்யில்லை. ஆனால் அது படத்தின் மையத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இ. பாட்டு நின்றது, படம் போனது: ‘பாதை தெரியுது பார்’

1960-இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ இதற்கு நேர் எதிர்ச் சான்று. வங்காளத்தில் ‘சின்னமூல்’ எடுத்த நிமாய் கோஷ் சென்னையில் தங்கித் தமிழில் இயக்கிய படம். இடதுசாரிக் கலைஞர்கள் கைகோத்து உருவாக்கியது. எம். பி. சீனிவாசன் இசையமைக்க, ஜெயகாந்தனும் கே. சி. எஸ். அருணாசலமும் பாடல்கள் எழுதினார்கள். தென்னங்கீற்றைப் பற்றி ஜெயகாந்தன் எழுதி, பி. பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டு இன்றும் வானொலியில் வருகிறது. கேட்டால் கூடவே முணுமுணுக்கும் பெரியவர்கள் பலர். அது தொழிலாளர் வாழ்வைப் பேசிய படத்தின் பாட்டு என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மெட்டு அத்தனை இனிமையானது என்பதாலேயே, அதைப் பெற்றெடுத்த படத்தைத் தேடும் தேவை எழவில்லை.

ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965-இல் வந்தது. தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது. சேரி வாழ்வை ஒப்பனையின்றிக் காட்டிய முயற்சி என்று தமிழ் சினிமா வரலாறுகளில் அதற்குத் தனிப் பத்தி உண்டு. அந்தப் பத்தியைப் படித்தவர்கள் பலர். படத்தைப் பார்த்தவரைக் காண்பதுதான் அரிது.

ஈ. புகழ் நின்றது, மௌனம் போனது: ‘உதிரிப்பூக்கள்’

1979-இல் மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்தது. தமிழின் ஆகச்சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் தவறாமல் இடம்பெறும். எடுக்க எளிய தூரத்தில் இருக்கிறது. இருந்தும் ஒத்திப்போடப்படுகிறது. அதன் கடைசிக் காட்சியைப் பலரும் பலருக்கும் சொல்லிவிட்டார்கள். எஸ். ஜானகி பாடும் தாயின் பாட்டை அனைவரும் கேட்டுவிட்டார்கள். இனிப் பார்க்க என்ன மிச்சம் என்று மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டுவிடுகிறது.

மிச்சம் இருப்பது மௌனம். அசோக்குமாரின் ஒளிப்பதிவில் அதிகாலை வெளிச்சமும் ஆற்றங்கரையும் பேச வேண்டியதைப் பேசிவிடுகின்றன. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு கத்துவதில்லை, மீசையை முறுக்குவதில்லை. வெள்ளை வேட்டி சட்டையில், தாழ்ந்த குரலில் கொடுமை செய்கிறான். அஸ்வினி நடித்த லட்சுமி கண்ணால் பொறுத்துக்கொள்கிறாள். நோயாளியான அவளும் வீட்டின் இரண்டு குழந்தைகளும் ஒரே சட்டத்துக்குள் வரும்போதெல்லாம் அங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. அது இனி வரப்போகும் இழப்பின் இடம் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்கு அழைத்துப் போகிறது. தண்டனை நியாயம் என்றுதான் நமக்கும் படுகிறது. கரையில் குழந்தைகள் நிற்பதைக் கண்டதும் அந்த நியாயம் நம் கையிலேயே கனக்கத் தொடங்குகிறது. கதையாகச் சொல்லும்போது அது கெட்டவன் சாகும் முடிவு. படமாகப் பார்க்கும்போது, அதுவரை படத்தோடு செலவிட்ட நேரம் முழுவதும் சேர்ந்துதான் அந்தக் கரையை உண்டாக்குகிறது. அந்த நேரத்தை யாரும் நமக்குச் சொல்லித் தர முடியாது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படுகிறது. கேள்வி ஞானம் சொல்லை, மெட்டை, தகவலை, முடிவை நன்றாகக் காக்கிறது. காலப் பின்னணியையும் காட்சிகளின் வரிசையையும் மௌனத்தையும் அதனால் காக்க முடிவதில்லை. சினிமாவைச் சினிமாவாக்குவது இந்தப் பின்னவை.

5. படச்சுருள் காத்திருக்காது

ஒத்திப்போடுகிறவரின் மனத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. படம் எங்கே போய்விடும், அது அங்கேயேதான் இருக்கும் என்பது அது. வரலாறு இதற்கு நேர் எதிராகச் சான்று சொல்கிறது.

ஆர். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படமாகக் கொண்டாடப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படமும் இல்லை. விளம்பரங்களையும் சில புகைப்படங்களையும் செய்திகளையும் கொண்டே அதன் வரலாற்றை எழுதுகிறோம். இந்தியாவில் எடுத்த 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் எஞ்சியவை 30-க்கும் குறைவு. தென்னிந்திய மௌனப் படங்களில் கைக்குக் கிடைத்தது 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’. அதுவும் பதிப்புரிமை வழக்கில் சிக்கி, புத்தக நிறுவனம் ஒன்றின் வசம் முடங்கிக் கிடந்ததால் பிழைத்தது. திரையிட்டுக் கொண்டாடிய படங்கள் தேய்ந்து மறைந்தன. வழக்கில் மாட்டிய படம் தப்பியது.

அழிவுக்கு வேதியியல் காரணம் உண்டு. 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதையும். பிறகு வந்த அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துப்போய் வினிகர் வாடை வீசத் தொடங்கும், சுருங்கும், நெளியும். வண்ணச் சுருளில் நிறங்கள் வெளுத்துச் செந்நிறம் மட்டும் மிஞ்சும். குளிரும் உலர்வும் வேண்டிய பொருளுக்குச் சென்னைக் கடற்கரைக் காற்று எமன். வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய சுருள்களை விற்றவர்களும் உண்டு. ஓடி முடிந்த படத்தை வைத்துக்கொள்வது செலவு என்பதே தொழிலின் பொதுக் கணக்கு.

புனேயில் 1964-இல் தொடங்கிய இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், அதை வளர்த்த பி. கே. நாயரின் உழைப்பும் இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில், காத்துவைத்த நைட்ரேட் படங்களிலும் பல கருகின. தமிழ்ப் படங்களுக்கென்று சென்னையில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று பாலு மகேந்திரா 2014-இல் மறையும்வரை வலியுறுத்தினார். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ போன்ற தன் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதை வேதனையோடு சொன்னவர் அவர். அவை 1980-களின் இறுதியில் எடுத்தவை. நைட்ரேட் காலத்துப் பழமை அல்ல.

பார்ப்பாரின் அக்கறைக்கும் சுருளின் ஆயுளுக்கும் தொடர்பு இருக்கிறது. மக்கள் தேடும் படத்துக்குப் புதிய பிரதி எடுக்கப்படும், டிஜிட்டலுக்கு மாற்றப்படும். எவரும் கேட்காத படத்தின் டப்பா கிடங்கில் துருப்பிடிக்கும். கேள்வி ஞானத்திலேயே நாம் நிறைவடைந்துவிட்டால், படத்தைக் காக்கக் கோரும் குரலும் எழாது. ஆளுக்கு ஆள் ஒத்திப்போட்டதெல்லாம் சேர்ந்து ஊர்முழுக்க ஒரு கைவிடலாக முடிகிறது.

6. ஓர் எதிர்ச்சான்று

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’, டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் வெளியானது. பல வாரங்கள் ஓடியது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாக வந்தவர்களும், முதல் வெளியீட்டில் பார்த்த முதியவர்களும் அடுத்தடுத்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ‘கர்ணன்’ கேள்வி ஞானத்தில் முழுதாக ஊறிய படம். எம். எஸ். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய இறுதிப் பாட்டைக் கேளாத தமிழர் குறைவு. கேட்டது பார்ப்பதற்கு மாற்றாகிவிடும் என்றால், இந்தக் கூட்டம் எப்படி வந்தது?

இந்தச் சான்று என் வாதத்தை உடைக்கவில்லை, ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது என்றே நினைக்கிறேன். கேள்வி ஞானத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. படம் நாள் குறித்து, இடம் குறித்து, பலர் கூடும் அரங்கில் காட்டப்படும்போது, கேட்ட பாட்டும் வசனமும் அழைப்பிதழ் ஆகின்றன. பாட்டுப் புத்தகத்தின் பழைய ஒப்பந்தம் உயிர்பெறுகிறது. அதே படம் கைபேசியில் எந்நேரமும் கிடைக்கும் பொருளாக இருக்கும்போது, கேட்டதே போதும் என்ற நிறைவு மேலெழுகிறது. எந்நேரமும் பார்க்கலாம் என்பது எந்த நேரத்துக்கும் உரியதில்லை என்றாகிறது. உளவியல் ஆய்வுகள் சொன்ன ‘நாளை’ இங்கே பொருந்தி வருகிறது. அரங்கில் குறித்த காட்சி நேரத்தை நாளைக்குத் தள்ள முடியாது. தெரிந்த சொற்களுக்காக வந்தவர், தெரியாத இடைவெளிகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

‘அந்த நாள்’ போன்ற படங்களின் இக்கட்டும் இதிலிருந்து விளங்கும். கூப்பிட அதற்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. அத்தகைய படங்களுக்கு விமர்சகரும் ஆசிரியரும் திரைப்படச் சங்கமும்தான் அழைப்பிதழ். பட்டியல் போடுவதால் இந்த வேலை நடக்காது. ‘பார்த்தே ஆக வேண்டிய நூறு படங்கள்’ என்ற தலைப்பு படத்தைக் கடனாக்குகிறது. எழுதுகிறவர் படத்தின் பெருமையைச் சொல்வதோடு நிறுத்தாமல், அதன் ஒரு முடிச்சைக் காட்டி நிறுத்த வேண்டும். மீதி திரையில் இருக்கிறது என்ற உணர்வை வாசகரிடம் விட்டுச்செல்வதுதான் அழைப்பு.

7. முடிவாக

தமிழ்ச் செவ்வியல் படங்களைப் பார்க்காமல் இருப்பதற்குத் தனிமனிதச் சோம்பலை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. அது ஒரு நீண்ட கேள்வி மரபின் விளைவு. அந்த மரபு படத்தின் குரலைக் காத்தது. கூடவே, முழுதும் நம்மிடம் இருக்கிறது என்ற எண்ணத்தையும் தந்தது. ‘பராசக்தி’யின் பர்மா நடையும், ‘அந்த நாளி’ன் உஷாவும், ‘உதிரிப்பூக்க’ளின் மௌனமும் அந்த எண்ணத்துக்கு வெளியே நிற்கின்றன. சுருளின் ஆயுளோ நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு கல்லூரி தமிழ்த்துறை பருவத்துக்கு ஒரு படத்தை ‘சிற்றன்னை’ போன்ற மூலக்கதையோடு சேர்த்துத் திரையிடலாம். ஊர் நூலகம் மாதம் ஒரு மாலையை ஒதுக்கலாம். வீட்டில், பாட்டை அறிந்த பாட்டியும் படத்தை அறியாத பேரனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, கைபேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காரலாம். அரசும் திரைத்துறையும் சேர்ந்து பாலு மகேந்திரா கேட்ட காப்பகத்தைக் கட்டலாம்.

‘உதிரிப்பூக்கள்’ பாட்டைப் பேருந்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இனிமையான பாட்டு என்பதற்கு மேல் அப்போது ஒன்றும் தோன்றியதில்லை. படத்தை முழுமையாகப் பார்த்தபின் ஒரு நாள் அதே பாட்டு அதே தடத்துப் பேருந்தில் ஒலித்தது. பாடுகிறவள் தன் குழந்தைகளோடு அதிக நாள் இருக்கப்போவதில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் பாட்டு முடியும்வரை எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.